கழிபொருளில் கண்ட கலை

வண்டியிற் செல்வோர் காசு கொடுத்துப் பயணச் சீட்டைப் பெறுகின்றனர். இறங்கும் வரையில் அதனைக் கையிலும் பையிலும் பேணி வைக்கின்றனர். இறங்கியவுடன் அது அவர்களுக்குக் குப்பையாகிவிடுகின்றது. இனிப்பைச் சுற்றியிருந்த காகிதம், கடிதத்தின்மேல் ஒட்டி வந்த தபால்தலை, அறுந்துபோன கயிறு, சட்டையினின்றும் உதிர்ந்த பொத்தான், நேற்றைய செய்தித்தாள் ஆகியவற்றின் நிலையும் இத்தகையதே. பயன் உள்ளவரையில் கையில் இருந்தவை, பயன் தீர்ந்தபின் காலடியிற் கிடக்கின்றன. அவற்றைத் திரும்பிப் பார்ப்பார் இலர்.

அங்ஙனம் திரும்பிப் பார்த்த ஒருவர் ஜெர்மனி நாட்டில் வாழ்ந்தார். அவர் பிறர் எறிந்தவற்றைக் குனிந்து எடுத்தார். எடுத்தவற்றைத் தம் பையில் நிரப்பிக்கொண்டு வீட்டிற்குச் சென்றார். அவற்றைப் பலகையிலும் அட்டையிலும் ஒட்டிச் சித்திரங்கள் ஆக்கினார். கண்டோர் சிலர் வியந்தனர், பலர் நகைத்தனர். பின்னர் நாட்டை ஆண்டோர் அவரைப் பழித்தனர். அவர் தம் வீட்டையும் நாட்டையும் துறந்து செல்லவேண்டியவரானார். எனினும் இறுதிவரையில் அவர் தம் தொழிலை விட்டாரில்லை. அவர் பெயர் குர்ட் சுவிட்டர்ஸ் என்பது.

காகிதம், துணி, மரம் முதலிய பல்வேறு பொருள்களை ஒரு தளத்தின்மேல் ஒட்டி அமைக்கும் சித்திரத்தை மேனாட்டார் ‘கொலாஜ்’ என்பர். ஒட்டுதல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லினின்றும் பிறந்தது இப்பெயர். தமிழில் இதனை ஒட்டுச் சித்திரம் எனலாம். 1912ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் இருந்த பிக்காசோ என்னும் ஓவியர், நாற்காலியின் பிரம்புப் பின்னல் அச்சிடப்பட்ட மெழுகுத் துணியைத் தம் ஓவியத்தில் ஒட்டி, அதன் விளிம்பைச் சுற்றிக் கயிற்றையும் பொருத்தினார். அவ்வாண்டிலேயே அவர்தம் நண்பர் பிராக் என்பார், மரம்போலத் தோன்றுமாறு அச்சிட்ட சுவர்க்காகிதத்தை வெட்டி ஒட்டி, அதன்மேற் கரிக்கோலால் வரைந்தார். அதுவரையில் ஓவியன் ஒரு பொருளைப் போலச் செய்து காட்டினான். அன்றுமுதல் அப்பொருளையே எடுத்து ஓவியத்துள் வைக்கலாம் என்னும் எண்ணம் தோன்றிற்று. அவ்வெண்ணத்தைத் தம் வாழ்நாள் முழுவதற்கும் உரிய தொழிலாகக் கொண்டவர் சுவிட்டர்ஸ்.

இவர் 1887ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் ஜெர்மனியில் உள்ள ஹானோவர் நகரிற் பிறந்தார். பெற்றோர் துணிக்கடை நடத்திப் பொருள் ஈட்டியவர். இளமையில் இவருக்கு நாட்டுப்புறத்தில் சிறு தோட்டம் ஒன்று இருந்தது. அதில் ரோசாச் செடிகளை வளர்த்து, சிறு குன்றும் சிறு குளமும் தம் கையாலேயே அமைத்திருந்தார். 1901ஆம் ஆண்டில் அவ்வூர்ச் சிறுவர் சிலர் இவர் கண்ணெதிரேயே அத்தோட்டத்தை அழித்தனர். அதனால் உண்டான அதிர்ச்சியில் நோயுற்று, ஈராண்டுகள் வருந்தியதாக இவரே பிற்காலத்தில் எழுதியுள்ளார். தாம் அரிதின் முயன்று ஆக்கியதைப் பிறர் எளிதில் அழித்தலும், அழிந்தபின் மீண்டும் ஆக்குதலுமே தம் வாழ்வாக அமையும் என்பதை அச்சிறுவர் அன்று அறிந்திருத்தல் இயலாது.

நோய் நீங்கியபின் ஓவியக் கலையை முறையாகக் கற்க விரும்பி, டிரெஸ்டன் நகரத்துக் கலைக்கழகத்திற் சேர்ந்து பயின்றார். ஆங்கு உருவங்களையும் இயற்கைக் காட்சிகளையும் உள்ளது உள்ளவாறே வரையும் பயிற்சி பெற்றார். முதல் உலகப்போர் நடந்த காலத்தில் படையிற் சேர்க்கப்பட்டார். ஆயினும் உடல்நலம் இன்மையால் விரைவில் விடுவிக்கப்பட்டு, ஹானோவரை அடுத்த இரும்பாலை ஒன்றில் இயந்திரப் படம் வரைபவராகப் பணியாற்றினார். சக்கரங்களையும் பற்களையும் நாள்தோறும் வரைந்த அப்பணி, பொருள்களின் வடிவத்தை நோக்கும் கண்ணை அவருக்கு அளித்தது.

1918ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திற் போர் முடிந்தது. ஜெர்மனி தோல்வியுற்றது. அரசு கவிழ்ந்தது, உணவுக்குத் தட்டுப்பாடு உண்டாயிற்று, வாழ்ந்த குடும்பங்கள் வறுமையில் வீழ்ந்தன. பழைய உலகம் உடைந்து சிதறிக் கிடந்தது. அந்நிலையில் முன்போலவே பூக்களையும் புல்வெளிகளையும் வரைந்து கொண்டிருத்தல் சுவிட்டர்ஸுக்கு இயலவில்லை. எல்லாம் உடைந்து போயின; இனிப் புதியது ஒன்று தோன்றுமாயின் அஃது உடைந்த துண்டுகளைக் கொண்டே ஆக்கப்படல் வேண்டும் என்று அவர் கருதினார். நாடு ஏழ்மையுற்றிருந்தமையால், சிக்கனம் கருதிக் கையிற் கிடைத்தவற்றையே எடுத்துக்கொண்டதாகவும் அவர் கூறினார். ஆகவே அவருடைய ஒட்டுச் சித்திரம் விளையாட்டாகப் பிறந்தது அன்று. ஒரு நாட்டின் துன்பத்தினின்றும் பிறந்தது.

இக்கலைக்கு அவர் இட்ட பெயரும் ஒரு துண்டே. 1919ஆம் ஆண்டில் ஒரு சித்திரத்திற்காக வங்கி விளம்பரம் ஒன்றை அவர் வெட்டினார். அதில் வாணிகம் என்னும் பொருள்தரும் ‘கொமெர்ஸ்’ என்ற சொல் இருந்தது. வெட்டி ஒட்டியபொழுது முற்பகுதி மறைந்து, ‘மெர்ஸ்’ என்னும் பிற்பகுதி மட்டும் எஞ்சி நின்றது. தனியே நிற்குங்கால் அதற்குப் பொருள் யாதும் இல்லை. அப்பொருளற்ற துண்டையே தம் கலைக்குப் பெயராகக் கொண்டார். அவருடைய சித்திரங்கள் மெர்ஸ் சித்திரங்கள் எனப்பட்டன. 1923ஆம் ஆண்டு முதல் அவர் வெளியிட்ட இதழுக்கும் மெர்ஸ் என்பதே பெயர்.

இச்சித்திரங்களை அவர் ஆக்கிய முறை அறியத்தக்கது. முதலில் தாம் சேர்த்த துண்டுகளை எல்லாம் பரப்பி வைத்துக்கொள்வார். தாளின்மேல் மாவுப் பசையைத் தடவி, துண்டுகளை ஒவ்வொன்றாக அதன்மேல் வைப்பார். பசை உலர்வதற்குள் அவற்றை இப்புறமும் அப்புறமுமாக நகர்த்திப் பார்ப்பார். ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றுவார், பொருந்தாததை எடுப்பார், பெரியதைக் கிழித்துச் சிறிதாக்குவார். கனமான மரத்துண்டும் இரும்புத் துண்டும் வேண்டுமாயின், பலகையைத் தளமாகக் கொண்டு ஆணியால் அறைவார். வேண்டும் இடத்து வண்ணமும் பூசுவார். எல்லாத் துண்டுகளும் ஒன்றோடொன்று இயைந்து அமைந்தன என்று தம் கண்ணுக்குத் தோன்றும் வரையில் அவர் கை ஓயாது.

ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. பயணச் சீட்டு, வண்டியில் இருக்கும் வரையில் சீட்டு. சித்திரத்துள் வந்தபின் அது நீள்சதுரமான ஒரு மஞ்சள் நிறம். அல்லது நீலத்தின் அருகே நின்று அந்நீலத்தை ஒளிபெறச் செய்யும் சிவப்பு. கோணித் துணி, சித்திரத்துள் வந்தபின் வழவழப்பான தாளின் பக்கத்தே நிற்கும் சொரசொரப்பு. கயிறு ஒரு கோடு. சக்கரம் ஒரு வட்டம். தனக்கு முன்னிருந்த பயனை ஒவ்வொரு பொருளும் துறக்கின்றது. பக்கத்தே நிற்கும் பொருளால் புதிய மதிப்பைப் பெறுகின்றது. ஒரு பொருளை மற்றொரு பொருளோடு ஒப்புநோக்கி மதிப்பிடுதலே தம் கலையின் உயிர்நிலை என்று சுவிட்டர்ஸ் கருதினார்.

அவர் 1921ஆம் ஆண்டில் ஆக்கிய ‘செர்ரிச் சித்திரம்’ இதற்குத் தக்க சான்று. இஃது இன்று நியூயார்க் நகரத்தின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. ஏறத்தாழ 92 சென்டிமீட்டர் உயரமும் 71 சென்டிமீட்டர் அகலமும் உடைய அட்டையின்மேல் வண்ணக் காகிதங்களும், துணித் துண்டுகளும், மரமும், உலோகமும், கார்க்கும் நெருங்கிச் செறிந்துள்ளன. இவற்றிற்கு இடையே குழந்தைகளுக்கு எழுத்துக் கற்பிக்கும் அட்டை ஒன்று வெண்மையாகத் தோன்றுகின்றது. அதில் செர்ரிப் பழங்களின் படமும் அப்பழத்தின் பெயரும் அச்சிடப்பட்டுள்ளன. சுற்றிலும் உள்ளவை மங்கிய நிறத்தன. நடுவே உள்ள பழங்களோ சிவந்து விளங்குகின்றன. போரால் நலிந்த நாட்டின் குப்பைக்கு நடுவே குழந்தையின் பாட அட்டை ஒன்று கெடாது கிடந்தாற்போன்ற தோற்றம் காண்பார் உள்ளத்தைத் தொடுகின்றது. தனியே கிடந்த அவ்வட்டைக்கு இவ்வாற்றல் இல்லை. அதனை நடுவே வைத்த கைக்கே அவ்வாற்றல் உரியது.

குப்பையைச் சேர்த்து ஒட்டுதல் எல்லார்க்கும் இயல்வதன்றோ, இதனைக் கலை எனல் பொருந்துமோ என்று சிலர் வினவுவர். அவ்வினா சுவிட்டர்ஸ் வாழ்ந்த காலத்திலேயே எழுந்தது. கவிஞனுடைய தொழிலை எண்ணிப் பார்ப்பின் இதற்கு விடை கிடைக்கும். சொற்கள் எல்லார்க்கும் பொது. சந்தையில் வணிகன் வழங்கும் சொல்லும், வயலில் உழவன் வழங்கும் சொல்லுமே செய்யுளிலும் வருகின்றன. கவிஞன் புதிய சொற்களைப் படைத்துக்கொண்டு பாடத் தொடங்குவதில்லை. ஆயினும் வழக்கிற் கிடந்த சொல்லை அவன் எடுத்து இடமறிந்து தொடுக்குங்கால், அதே சொல் புதிய ஒளி பெறுகின்றது. ஒரு சொல்லை நீக்கின் செய்யுள் சிதைகின்றது. மற்றொரு சொல்லைப் பெய்யின் ஓசை கெடுகின்றது. நல்ல ஒட்டுச் சித்திரமும் அத்தகையதே. ஒரு துண்டை எடுத்துவிட்டால் அந்த இடம் வெறுமை காட்டும். சுவிட்டர்ஸ் தாமும் கவிதைகள் எழுதியவர் என்பதை நினைத்தல் தகும்.

உள்ளவாறு வரையத் தெரியாமையால் அவர் இவ்வழியை மேற்கொண்டார் என்பதும் பொருந்தாது. மனிதர் உருவங்களையும் இயற்கைக் காட்சிகளையும் கற்ற முறைப்படியே அவர் இறுதிக்காலம் வரையில் வரைந்து வந்தார். பழைய முறையை நன்கு கற்று, அதன் எல்லையை உணர்ந்து, அதற்கு அப்பாற் சென்றவர் அவர்.

சித்திரங்கள் சுவரோடு நில்லாமல் அவர் வீட்டையே நிரப்பத் தொடங்கின. 1923ஆம் ஆண்டளவில், ஹானோவரில் தம் இல்லத்தில் இருந்த பணியறையில், கழிபொருள்களால் தூண் போன்ற அமைப்பு ஒன்றை எழுப்பினார். அது நாளுக்கு நாள் வளர்ந்தது. மரச்சட்டங்களாலும் சுண்ணச் சாந்தாலும் கோணங்களும் குகைகளும் மாடங்களும் தோன்றின. நண்பர்களிடமிருந்து பெற்ற சிறு பொருள்களை அவற்றுள் வைத்தார். அவ்வமைப்பு அறையை நிரப்பி, அடுத்த அறைகளிலும் புகுந்தது. உள்ளே நுழைவோர் சித்திரத்தின் முன் நிற்பதில்லை, சித்திரத்துள்ளேயே நின்றனர். இதற்கு ‘மெர்ஸ்பாவ்’ என்று பெயர். மெர்ஸ் கட்டடம் என்பது பொருள். ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் அவர் இதன்கண் உழைத்தார்.

1933ஆம் ஆண்டில் இட்லர் ஜெர்மனியின் ஆட்சியைக் கைப்பற்றினார். புதுமைக் கலைகள் நாட்டின் பெருமைக்கு இழுக்கு என்று அவ்வாட்சியினர் கூறினர். அருங்காட்சியகங்களில் இருந்த அத்தகைய படைப்புகளைப் பறித்தனர். 1937ஆம் ஆண்டு மியூனிக் நகரில் ‘இழிகலை’ என்னும் பெயரால் கண்காட்சி ஒன்றை அமைத்து, மக்கள் கண்டு நகைக்குமாறு அப்படைப்புகளைச் சுவரில் தொங்கவிட்டனர். சுவிட்டர்ஸின் கலைக்குப் பெயர் தந்த அந்த முதல் மெர்ஸ் சித்திரமும் அங்கு இருந்தது. அதன்பின் அது காணாமற் போயிற்று. இன்று அதன் ஒளிப்படமே எஞ்சியுள்ளது.

அக்கண்காட்சி தொடங்குவதற்கு முன்னரே, 1937ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், சுவிட்டர்ஸ் நார்வே நாட்டிற்குச் சென்றுவிட்டார். மகன் எர்ன்ஸ்ட் சில நாட்களுக்கு முன்பே அங்குச் சென்றிருந்தான். மனைவி எல்மா, வீட்டையும் உடைமைகளையும் காக்கும் பொருட்டு ஹானோவரிலேயே தங்கினார். அவ்வப்பொழுது நார்வே சென்று கணவரைக் கண்டு வந்தார். 1939ஆம் ஆண்டில் போர் மூண்டபின் இருவரும் ஒருவரையொருவர் காணவே இல்லை. நார்வேயில், ஆஸ்லோ நகரை அடுத்த லைசாக்கர் என்னும் இடத்தில், சுவிட்டர்ஸ் இரண்டாம் மெர்ஸ் கட்டடத்தைத் தொடங்கினார். 1940ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஜெர்மானியப் படை நார்வேயினுள்ளும் புகுந்தது. தந்தையும் மகனும் வடக்கு நோக்கி ஓடி, பனியுடைக்கும் கப்பல் ஒன்றில் ஏறி, ஜூன் மாதத்தில் ஸ்காட்லாந்தை அடைந்தனர்.

அடைக்கலம் புகுந்த நாட்டிலும் அவருக்கு உடனே விடுதலை கிட்டவில்லை. பகை நாட்டிற் பிறந்தவர் என்பதனால், மான் தீவில் இருந்த ஒரு முகாமில் அவரை அடைத்து வைத்தனர். ஆங்கு ஓவியச்சீலையும் வண்ணமும் வேண்டிய அளவு கிடைக்கவில்லை. அதனால் அவர் சோர்ந்திருந்தாரா? இல்லை. தரையில் விரித்திருந்த லினோலியத்தைப் பெயர்த்து, அதன்மேல் ஓவியம் வரைந்தார். தேயிலை வந்த பெட்டிகளின் பலகைகளைச் சித்திரத்திற்குப் பயன்படுத்தினார். காலையுணவில் எஞ்சிய ஓட்ஸ் கஞ்சியைக்கூடச் சேர்த்து வைத்துச் சிலைகள் செய்தார்! அவை சில நாட்களிற் பூசணம் பிடித்து நாற்றம் வீசின என்பர். உடனிருந்தோர் மூக்கைப் பிடித்தனர். எனினும், கைதியின் கையில் கஞ்சியும் கலைப்பொருளாகும் என்பதை அவர்கள் கண்ணாரக் கண்டனர். 1941ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அவர் விடுதலை பெற்று லண்டன் மாநகரை அடைந்தார். ஆங்கும் பேருந்துச் சீட்டுகளையும் இனிப்புத் தாள்களையும் பொறுக்கி எடுத்துச் சித்திரங்கள் ஆக்கினார். மொழி வேறு, சீட்டு வேறு, தொழில் ஒன்றே.

1943ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஓர் இரவு, ஹானோவர் நகரத்தின்மேல் குண்டுகள் பொழிந்தன. சுவிட்டர்ஸின் இல்லமும், அதனுள் இருந்த மெர்ஸ் கட்டடமும் அழிந்தன. மறு ஆண்டு எல்மா புற்றுநோயால் இறந்தார். இளமையில் ஒரு தோட்டத்தை இழந்தவர், முதுமையில் வீட்டையும், வாழ்க்கைத் துணைவியையும், பல்லாண்டு உழைப்பையும் இழந்தார். அன்று தோட்டத்தை அழித்தோர் அறியாச் சிறுவர். இன்று நகரத்தை அழித்ததோ அறிந்தோர் மூட்டிய போர்.

1945ஆம் ஆண்டில் அவர் வட இங்கிலாந்தின் ஏரிகள் நிறைந்த மலைநாட்டில் உள்ள ஆம்பிள்சைடு என்னும் சிற்றூரிற் குடியேறினார். ஊரார் உருவங்களை வரைந்து, அதனாற் கிடைத்த சிறு வருவாயைக் கொண்டு வாழ்ந்தார். நோய் அவரை வாட்டிற்று. 1947ஆம் ஆண்டில், அவருக்கு 60 வயது நிறைந்த காலத்தில், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1,000 டாலர் உதவித்தொகை வழங்கிற்று. அவ்வுதவியைக் கொண்டு, எல்டர்வாட்டர் என்னும் இடத்தில் இருந்த கற்கொட்டகை ஒன்றில் மூன்றாம் மெர்ஸ் கட்டடத்தைத் தொடங்கினார். ஓடைக் கற்கள், பூவாளியின் வாய், குழந்தையின் பந்து, பழைய சன்னற் சட்டம் முதலியவற்றைச் சாந்தோடு சேர்த்துச் சுவரில் பதித்தார். ஒரு சுவரின் வேலையே நடைபெற்றது. 1948ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். அவரைத் தம் நாட்டுக் குடிமகனாக ஆங்கிலேயர் ஏற்ற செய்தி அதற்கு முதல்நாளிலேதான் வந்தது.

லைசாக்கரில் இருந்த இரண்டாம் கட்டடம் 1951ஆம் ஆண்டில் தீக்கு இரையாயிற்று. எல்டர்வாட்டர்ச் சுவரோ பிழைத்தது. 1965ஆம் ஆண்டில் அதனை முழுமையாகப் பெயர்த்து எடுத்து, நியூகாசில் நகரத்து ஹாட்டன் கலைக்கூடத்திற்குக் கொண்டு சென்றனர். அழிந்த முதற் கட்டடத்தின் ஒரு பகுதி, பழைய ஒளிப்படங்களின் துணையால் மீண்டும் அமைக்கப்பட்டு, ஹானோவரின் ஸ்பிரெங்கல் அருங்காட்சியகத்தில் உள்ளது. அவரை இழித்துரைத்து ஓட்டிய ஆட்சி 1945ஆம் ஆண்டில் மண்ணோடு மண்ணாயிற்று. அவர் தெருவிற் பொறுக்கிய சீட்டுகளோ, அரும்பொருள்களாகக் கண்ணாடிக்குள் வைத்துக் காக்கப்படுகின்றன.

பொன்னைக் கொண்டு அணி செய்வோன் வேலையின் மதிப்பில் ஒரு பாதி பொன்னுக்கு உரியது. குப்பையைக் கொண்டு சித்திரம் செய்வோன் வேலையிலோ, முழு மதிப்பும் அவன் கண்ணுக்கும் கைக்கும் கருத்துக்குமே உரியது. கருவி இல்லை, பொருள் இல்லை, காலம் சரியில்லை என்று கூறிக் கைகட்டி இருப்பார்க்கு, லினோலியத் தரையில் ஓவியம் வரைந்த அம்முதியவரின் வாழ்வே விடை. உடைந்தது உடைந்ததாகவே கிடக்கவேண்டும் என்பதில்லை. அதனைக் குனிந்து எடுப்பதற்கு ஒரு கையும், அதற்குரிய இடத்தைக் காண்பதற்கு ஒரு கண்ணும் வேண்டும்; அவ்வளவே.

பயிற்சி வினாக்கள்

1. ஒட்டுச் சித்திரம் என்பது யாது? அது தோன்றிய வரலாற்றைச் சுருக்கி வரைக.

2. ‘மெர்ஸ்’ என்னும் பெயர் எவ்வாறு பிறந்தது?

3. சித்திரத்துள் அமைந்த பொருள் தன் பழைய பயனைத் துறந்து புதிய மதிப்பைப் பெறுமாற்றைச் சான்று காட்டி விளக்குக.

4. கவிஞன் தொழிலும் ஒட்டுச் சித்திரம் செய்வோன் தொழிலும் எவ்வகையில் ஒத்துள்ளன?

5. சுவிட்டர்ஸ் தம் வாழ்வில் அடைந்த இழப்புகள் யாவை? அவற்றிற்கு இடையிலும் அவர் தம் தொழிலைக் கைவிடாமையை ஒரு பக்க அளவில் எழுதுக.

6. ஒரு வாரம் வீட்டில் கழிக்கப்படும் காகிதம், துணி, நூல் முதலியவற்றைச் சேர்த்து வைத்து, அட்டையில் ஒட்டுச் சித்திரம் ஒன்று அமைக்க. எத்துண்டை எடுத்தால் சித்திரம் கெடும் என்பதை ஆராய்ந்து, காரணத்தை ஐந்து வரிகளில் எழுதுக.